கொடிக்கம்பியின் நிழல்

எழுபதுகளின் நடுவில், கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்து ஓரத்தில் ஒரு மர மில் வைத்திருந்தோம். மில் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். தகரக் கூரை, ஒரு மோட்டார், மேசை நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒரு வட்ட ரம்பம், அவ்வளவுதான். அறுப்பது என் வீட்டுக்காரர். பொம்பளை பக்கத்தில் நின்றால் சேலை மாட்டிக்கொள்ளுமாம். சோற்றுப் போசியை வாசலில் வைத்துவிட்டு நான் வந்துவிட வேண்டும்.

அந்த வருஷம் அவருக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. கட்டையில் போட்ட கரிக்கோடு ஒரு பக்கம், ரம்பம் ஒரு பக்கம் என்று போய், இரண்டு பேரிடம் பேச்சு வாங்கினார். கண்ணாடி போடுங்கள் என்றால், மரத்தூள் படியும் என்று ஒரு சாக்கு. பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உள்ளதைச் சொன்னால், அவர் கண்ணைவிட என் மரம்தான் எனக்குக் கவலை. நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் வாசல் நிலைக்கென்று, எங்கள் அப்பன் வைத்து வளர்த்த பலாவை வெட்டி அண்ணன் வண்டியில் அனுப்பியிருந்தார். அப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். அறுப்பில் கோணிப்போனால் அந்த மரத்துக்கு மாற்று எங்கே போய்த் தேடுவது?

மழைக்குத் துணி காயாமல் மில்லுக்குள் ஒரு கொடிக்கம்பி கட்டியிருந்தேன். ஒரு மத்தியானம் இருட்டிக்கொண்டு வர, அவர் தூணில் இருந்த குண்டு பல்பைப் போட்டார். கம்பியின் நிழல் பலகைமேல் நூல் பிடித்த மாதிரி நேராக விழுந்தது. சோறு ஆற ஆற அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் என் கொடியைக் காணோம். கம்பியைப் பல்புக்கும் மேசைக்கும் நடுவே இழுத்துக் கட்டி, நிழல் ரம்பத்தின் பல்லுக்கு நேராக விழும்படி செய்திருந்தார். சன்னலுக்குச் சாக்குத் திரை வேறு. கரிக்கோட்டை நிழலுக்குள் வைத்துத் தள்ளினால் போதுமாம். ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் போட்ட சத்தம் அவர் காதில் ஏறவே இல்லை. ஓடு வேயும் சன்னச் சட்டங்களை அறுத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. புது மாப்பிள்ளை மாதிரி முகத்தில் ஒரு களை.

அடுத்து என் பலாவை மேசையில் ஏற்றினார். அன்றைக்கு நான் வாசலைவிட்டு நகரவில்லை. கோடு நிழலுக்குள் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ரம்பம் ஒரு விரல்கடை தள்ளிப் போய்க் கடித்தது.

"நிறுத்துங்க. எங்கப்பன் மரமுங்க அது."

மோட்டாரை நிறுத்திவிட்டு, வியர்வையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். பிறகு அவர் கட்டையை இறக்கி வைத்து, நிழல் விழுந்த இடத்தில் உள்ளங்கையை விரித்து மெல்ல உயர்த்தினார். கை உயர உயர, நிழல் தூண் பக்கமாக நகர்ந்தது. இறக்கினால் பழைய இடத்துக்கே வந்தது. மறுபடியும் உயர்த்திப் பார்த்தார்.

"பல்பு ஓரத்துல இருக்குது புள்ள. கட்டை கனமாப் போனா நெழலு நவுந்துக்குது. சன்னச் சட்டத்துல அது தெரியல."

காலையில் பல்பும் கம்பியும் ரம்பத்துக்கு நேர் மேலே ஏறியிருந்தன. இனிக் கட்டை எத்தனை கனமானாலும் நிழல் நகராது. சோற்றுப் போசியை வைத்துவிட்டுத் திரும்பப் போனவளைக் கூப்பிட்டார்.

"கோடு நெழலுக்குள்ளயே வருதான்னு நீ பாத்துச் சொல்லு. எனக்குச் செரியாத் தெரியறதில்ல."

கட்டின நாளாக அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு எதிரே போய் நின்றேன். போகட்டும், போகட்டும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் தள்ளினார். மஞ்சள் மஞ்சளாகத் தூள் பறந்தது. நிலை அணுவும் பிசகாமல் வந்தது. முதல் நாள் கடித்த தழும்பு மட்டும் ஒரு நிலைக்காலில் நின்றுவிட்டது. மெழுகு வைத்து அடைக்கலாம் என்றார்கள், நான் விடவில்லை. உள்பக்கம் பார்க்க வைத்துக்கொண்டோம்.

தை மாசம் கோயம்புத்தூருக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டார். எனக்கு வேறு கொடிக்கம்பி வாங்கித் தரவே இல்லை. அதன் பிறகும் கனத்த கட்டை வந்தால், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கோடு பார்க்க வா புள்ள என்று மில்லிலிருந்து குரல் கொடுப்பார். இப்போதுதான் நன்றாகத் தெரிகிறதே, நான் எதற்கு என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டுப் போய் நிற்பேன்.