அடி கேட்டு வந்தவர்கள்

என் அத்தை, அப்பாவின் தங்கை, பெரிய மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையில் பத்தொன்பது வருடமாகச் சமைக்கிறார். எட்டு மேசை, இரண்டு மின்விசிறி, அதில் ஒன்று சுற்றும். விற்பது இரண்டே சாமான்: கோழி எலும்பு வெந்த தண்ணீரில் ஆக்கிய சோறு, அதே தண்ணீரைத் தெளிய வடிகட்டி மிளகு போட்ட சூப். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் தூக்குச்சட்டி இருக்கும். வார்டில் படுத்திருப்பவர்களுக்கு வாங்கிப் போவார்கள்.

அத்தை அண்டாவைத் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. மூடியின் ஓரத்தில் வரும் ஆவியை முகர்ந்தே நெருப்பைக் குறைப்பார். தீய்ந்த வாசனை லேசாக ஏறினாலும் அந்த அண்டாச் சோறு தூக்குச்சட்டிக்குப் போகாது. "படுத்திருக்கிறவங்களுக்கு வாசனைதான் முதல்ல போய்ச் சேரும். அது சரியில்லைன்னா வாயே திறக்கமாட்டாங்க" என்பார்.

என்னதான் பார்த்துச் செய்தாலும் அண்டாவின் அடியில் பொன்னிறமாக ஒரு ஏடு பிடித்துக்கொள்ளும். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் அதைத் தட்டைக் கரண்டியால் பெயர்த்து, சூப்பில் தோய்த்து, வேலை செய்யும் நாலு பேரும் சாப்பிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'அடி'.

"அக்கா, எனக்கு இன்னிக்கு ரெண்டு அடி" என்று தட்டை நீட்டுவார் பரிமாறுகிறவர். ஐம்பது வயது. வாய் ஓயாததால் அவர் பெயர் ரேடியோ.

"ஏன், வீட்டுல வாங்கினது பத்தலையா?" என்று கேட்டுக்கொண்டே அத்தை மூன்றாவதையும் வைப்பார்.

ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். வீட்டில் உட்கார முடியவில்லை. மூன்று மணிக்கு அங்கே போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்து அடி தின்றேன். கடித்தால் நொறுங்கியது, பிறகு சூப்பில் கரைந்தது. அப்போது ஒரு வாரப் பத்திரிகைக்கு, சாப்பாட்டுப் பிரியர்கள் தவறவிடக் கூடாத பத்துக் கடைகள் என்று ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். துறைமுகச் சாலையில் கரியில் வாட்டிய மீன், நூலகத்துக்குப் பின்னால் வெங்காயம் அடைத்த ரொட்டி என்று போய், ஏழாவதாக இந்தக் கடை. 'இங்கே கேட்டு வாங்க வேண்டியது அடி' என்று எழுதினேன். சூப்புக்கு அரை வரி. சோற்றுக்கு அதுவும் இல்லை.

பத்திரிகை வந்த மறுநாளே வாசலில் வரிசை நின்றது.

"அண்ணே, இங்க அடி கிடைக்குமாமே?"

"வரிசையில இடிச்சா உடனே கிடைக்கும்" என்றார் ரேடியோ.

ஓர் அண்டாவில் பத்துப் பேருக்குக்கூட அடி வராது. முதலாளி, அத்தையைவிட வயதில் சின்னவர், தன் அப்பாவுக்குப் பிறகு கடையை ஏற்றவர், சமையலறைக்கு வந்தார். "அக்கா, நெருப்பைக் கொஞ்சம் தூக்கி வையுங்க. எல்லா அண்டாவும் அடிப்பிடிக்கட்டும்."

"பிடிக்காம இருக்கத்தான் தம்பி உங்கப்பா என்னை வேலைக்கு வெச்சார்."

"அவர் காலத்துல பத்திரிகையில வந்ததா?"

அத்தை நெருப்பைத் தூக்கிவைத்தார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஊர் முழுக்க, நான் சோத்தைத் தீய விடுறவள்னு எழுதிட்டியாடி?"

நான்காம் நாள், வாடிக்கையாக வரும் தூக்குச்சட்டிக்காரர் ஒருவர் வந்தார். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர். அவர் மகள் ஒன்றரை மாதமாக வார்டில் இருந்தாள். வேறெதுவும் இறங்காமல் இந்தச் சோற்றை மட்டும் நாலு கரண்டி சாப்பிடுவாள். நான் அப்போது சமையலறை ஓரத்தில் நின்றிருந்தேன். அத்தை சோற்றைப் போட்டுக் கொடுத்தார். அவர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"நேத்தும் இப்படித்தாம்மா இருந்துச்சு. தொடமாட்டேன்னுட்டா." சட்டியிலிருந்த சோற்றை அப்படியே அண்டாவில் கவிழ்த்தார். "இன்னிக்கு வேண்டாம்." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை மூன்று அடுப்பையும் அணைத்தார். வெளியே அடி கேட்டு இருபது பேர் நின்றிருந்தார்கள். முதலாளி ஓடி வந்தார்.

"என்னக்கா, உச்சி நேரத்துல!"

"தீயுற சோறு நான் ஆக்கமாட்டேன். அதுதான் வேணும்னா வேற ஆளைப் பாருங்க."

"ஒரு அண்டா தீய விடறதுக்கு ஆள் வேற வேணுமா? நானே விடுறேன்" என்று முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தார். இனி வேலை இல்லை என்றே நினைத்ததாக அப்புறம் சொன்னார்.

அரை மணி நேரத்தில் கடையெல்லாம் புகை. மேலே அரிசி, கீழே கரி. பெயர்த்ததைக் கடித்துப் பார்த்த ஒருவர் தட்டோடு கல்லாவுக்குப் போனார். "அடின்னா இதுதானா?"

"இது முதலாளி அடி. கொஞ்சம் வலிக்கும்" என்றார் ரேடியோ.

வரிசை கலைந்துவிட்டது. முதலாளி கரி படிந்த அண்டாவைப் பின்வாசலுக்குத் தூக்கி வந்து, அத்தைக்கு அடுத்த படியில் உட்கார்ந்து சுரண்டத் தொடங்கினார்.

"வர மாட்டேங்குதே அக்கா."

"தண்ணி ஊத்தி ஊற வைங்க" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய் அரிசி களைந்தார்.

அடுத்த நாள் கரும்பலகையில் ரேடியோ எழுதினார்: 'சோறு, சூப். அடி எங்களுக்கு மட்டும்.' பட்டியலைப் பார்த்து வந்தவர்கள் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். திருத்தம் போடும்படி நானும் பத்திரிகையில் கேட்டேன். தப்பாக எதுவும் எழுதவில்லையே என்றார்கள்.

தூக்குச்சட்டிக்காரர் இரண்டு நாள் வரவில்லை. அத்தை தினமும் பன்னிரண்டு மணிக்கு வாசலைப் பார்த்தார். மூன்றாம் நாள் வந்தார். சட்டியை நீட்டாமல் பின்னால் பிடித்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"அம்மா, அடி இருக்கா?"

"இல்லை."

"அப்போ போடுங்க" என்று சட்டியைத் திறந்து நீட்டினார்.