ஒரே பள்ளத்தில் இரண்டு லைன்

திருவொற்றியூரில் ஓர் எண்ணெய்க் கிடங்குக்காக நான் தயாரித்த ஒப்பீட்டுத் தாளை, அங்கே தொலைபேசி போர்டில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. தொலைபேசி இணைப்பு விற்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது எனக்கு வேலை. தாளின் இடப்பக்கம் பி.ஆர்.ஐ.: எக்ஸ்சேஞ்சிலிருந்து தனியாக வரும் லைன், ஒரே நேரத்தில் முப்பது பேர் பேசலாம், முப்பத்தொன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். வலப்பக்கம் சிப் டிரங்க்: இணையம் வழியாக வருவது, வேண்டுமளவு கூட்டிக்கொள்ளலாம், யார் எப்போது கூப்பிட்டார்கள் என்ற விவரமெல்லாம் நகரத்தில் இருக்கும் சர்வரில் பதிவாகும். அந்தத் தாளில் எனக்கு ரொம்பப் பெருமை.

முழுவதும் படித்துவிட்டு அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதெல்லாம் சரி தம்பி. மய வந்தா எது நிக்கும்?"

கேள்விக்குக் காரணம் இருந்தது. தீப்பற்றும் இடம் என்பதால் கிடங்குக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. அணைத்து, வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் அங்கே வேலை செய்கிறவர்களின் வீடுகளில் காலண்டர் ஓரத்திலும் கதவுக்குப் பின்னாலும் கிடங்கின் எண்தான் எழுதியிருக்கும். பிரசவ வலியோ, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு அடிபட்டதோ, முதலில் அக்காவின் காதுக்குத்தான் வரும். அவரும் அவருடைய அப்பாவும் சடையங்குப்பத்தில் இருந்தார்கள். நல்ல மழை பெய்தால் அங்கே தண்ணீர் ஏறும்.

நான் கெட்டிக்காரத்தனமாக இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கிடங்கின் எண்ணைச் சிப்புக்கு மாற்றுவோம், அது படுத்துவிட்டால் அழைப்பு தானாக ஏற்கெனவே இருக்கும் பி.ஆர்.ஐ. லைனுக்கு வந்துவிடும். "ஒண்ணு போனா இன்னொண்ணு நிக்கும்க்கா, கவலையே படாதீங்க" என்றேன். அக்கா நம்பினார். இரண்டு லைனும் எந்த வழியாக வருகின்றன என்று மட்டும் நான் போய்ப் பார்க்கவில்லை. கால்வாயை ஒட்டி ஒரே பள்ளத்தில், ஒரே குழாய்க்குள் வந்திருக்கின்றன. தாளில் எல்லாவற்றையும் ஒப்பிட்ட எனக்கு அந்தப் பள்ளத்தில் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

மழை வந்தது. அன்று காலை அக்கா அப்பாவை ராயபுரத்தில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். முட்டி வலிக்காரர், அசைய மாட்டேன் என்றிருக்கிறார். வார்த்தை முற்றி, "அப்போ இங்கியே கெட" என்று சொல்லிவிட்டு அக்கா வேலைக்கு வந்துவிட்டார். கிடங்கில் அன்று அவரும் காவலாளிகளும்தான். கால்வாய் வழிந்து, பள்ளம் மூழ்கி, இரண்டு லைனும் ஒன்றாகப் போனது அவருக்குத் தெரியவில்லை. ரிசீவரை எடுத்தால், கிடங்குக்குள் நாங்கள் பொருத்தியிருந்த இணைப்புப் பெட்டி, வெளி லைன் செத்தாலும் தன் பாட்டுக்கு டயல் டோன் கொடுத்துக்கொண்டிருந்தது. அக்காவாகக் கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். கோபம், அப்பாவே கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டார். வாசலுக்குப் போய்க் கைபேசியை வாங்கவும் இல்லை, போர்டை விட்டு நகர்ந்தால் அழைப்பு தவறிவிடுமே என்று. சாயங்காலம் இடுப்பளவு தண்ணீரில் வீடு போய்ச் சேர்ந்தபோது அப்பா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தார். அவருடைய கைபேசி தண்ணீரில் ஊறிச் செத்திருந்தது.

லைனைச் சரிசெய்யப் போன நான், வழக்கப்படி சர்வரிலிருந்து அன்றைய விவரத்தை எடுத்தேன். வந்து சேராமல் திரும்பிய அழைப்புகளில் ஒரே எண் ஆறு முறை இருந்தது. ஐந்து அடுத்தடுத்து, ஆறாவது முக்கால் மணி நேரம் கழித்து. அந்த எண் எனக்குத் தெரியும். புது லைனைச் சோதிக்க அக்கா முதலில் கூப்பிட்டது தன் அப்பாவைத்தான்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அக்கா என்னை ஓரமாக அழைத்தார். "அந்த சர்வர்ல எல்லாம் கீதுன்னியே தம்பி. எங்க நைனா கூப்ட்டாரா?"

சர்வரிலிருந்து அச்செடுத்த தாள் என் பைக்குள்தான் இருந்தது. இரக்கப்பட்டுத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடுமே என்ற பயமும் கூட இருந்தது, இன்றைக்காவது ஒத்துக்கொள்கிறேன். "இல்லக்கா" என்றேன்.

அவர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோவத்தோடவே பூட்டாரு, பாத்தியா" என்றார். "ஒரு தபா கூட என்னிய கூப்டணும்னு அவருக்குத் தோணல."

அப்போதே சொல்லியிருக்கலாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இப்போது எங்கே லைன் போடப் போனாலும் முதலில் சாலையோரக் கேபிள் பள்ளத்தின் மூடியைத் திறக்கச் சொல்கிறேன்; கூட வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். யாரும் எடுக்காமல் எங்காவது ஒரு போன் அடித்தால் என்னையறியாமல் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். ஆறைத் தாண்டும்வரை வேறு எந்தப் பேச்சும் காதில் விழாது.

அக்கா இப்போது ராயபுரத்தில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். அப்பாவின் நினைவு நாள் பூசைக்கு ஆண்டுதோறும் என்னைக் கூப்பிடுவார். இம்முறை சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டேதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். இந்த ஆண்டு கோவிலை விட்டு வெளியே வரும்போது, பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "எங்க நைனா கோவம் தீரணும்னுதான். வேற இன்னா கேக்கப் போறேன்" என்றார்.

சர்வரில் அழைப்பு விவரம் ஓராண்டுக்கு மேல் நிற்பதில்லை; அது எப்போதோ அழிந்துவிட்டது. பைக்குள் இருந்த தாளைக் கிழித்துப் போட்டவன் நானேதான். அவர் அப்பா ஆறு முறை கூப்பிட்டார் என்பது இனி நான் சொன்னால்தான் உண்டு. அக்காவை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். அடுத்த வருசமும் வந்துடு தம்பி என்றார். சரிக்கா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.