நோயாளி அக்காவும் நடிக்கத் தெரியாத மேடமும்

நோயாளி அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி ஒரு நோயும் வந்ததில்லை. கல்லைத் தின்றாலும் கரைத்துவிடும் வயிறு, தலையணையைத் தொட்டதும் தூக்கம், ஐம்பதைத் தாண்டியும் கண்ணாடி கேட்காத கண். அப்படிப்பட்டவளை மருத்துவக் கல்லூரியே நோயாளி அக்கா என்று கூப்பிட்டதற்குக் காரணம் அவளுடைய பிழைப்பு. மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடக்கும்போது நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும். காலையில் குடல்வால் வலியில் புரளுவாள், மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள், மாலையில் வீட்டுக்குப் போய் ஒரு வாளித் துணி துவைப்பாள்.

அவளுடைய கணவர் மின்விசிறி, மிக்சி பழுது பார்க்கிறவர். கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் இன்றைக்கு என்ன சீக்கு என்றுதான் விசாரிப்பார். இரண்டு நெஞ்சு வலி, ஒரு கல்லடைப்பு என்பாள் இவள். அப்படியானால் ராத்திரி சமையல் நீதானே என்று அவர் கேட்க, பின்னே யார் என்று கரண்டியை எடுப்பாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் மனைவியைப் பற்றிக் கவலைப்பட்டதே கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

இந்த வேலைக்கு அவள் விண்ணப்பம் போட்டெல்லாம் வரவில்லை. மாமியாரின் மூட்டு வலிக்காக மருத்துவமனை வரிசையில் நின்றபோது, மாமியார் வாயைத் திறக்குமுன் இவளே அந்த வலியை நடித்துக் காட்டிவிட்டாள். நொண்டினாள், சுவரைப் பிடித்தாள், "அம்மாடி" என்று உட்கார்ந்தாள். மருத்துவர் மாமியாரை விட்டுவிட்டு இவள் முட்டியைத் தட்டிப் பார்த்தார். அந்தப் பக்கமாகப் போன ஒரு பேராசிரியர் நின்று, வயிறு வலிக்கச் சிரித்து, மறுநாளே வந்து பார்க்கச் சொன்னார். அவர்தான் மேடம். செய்முறைத் தேர்வுப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு.

மேடம் கற்றுக்கொடுத்த முதல் விதி, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். எங்கே வலிக்கிறது என்று மாணவன் கேட்டால் இடத்தைக் காட்டலாம். வாந்தியில் ரத்தம் வந்ததா என்று அவன் கேட்காவிட்டால், அவன் தோற்றே போனாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஊர்வம்பு மொத்தத்தையும் மூச்சு விடாமல் சொல்லக்கூடிய நம் அக்காவுக்கு இது பெரிய தண்டனை. முதல் வருடம் முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு பழகிவிட்டது.

பழகிப் போனதுதான் வினையாயிற்று. ஏனென்றால் மேடம் கொஞ்ச காலமாகச் சரியாக இல்லை என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டார், இருட்டிய பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினார். பாதி வாக்கியத்தில் எதைச் சொல்ல வந்தோம் என்று தேடினார். அறைகளுக்கு நாற்காலி போடுவதிலிருந்து மதிப்பெண் கூட்டுவதுவரை எல்லாமே அவர் தலையில்தான். ஒருநாள் அவர் போனில் தன் தங்கையிடம் பேசியது, அடுத்த அறையில் கல்லடைப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த அக்காவின் காதில் விழுந்தது.

"இந்த வருஷத்தோட விட்டுடப்போறேன்டி. என்னால முடியல. யார்கிட்டயும் சொல்லிக்காத."

அக்காவுக்குப் பகீரென்றது. தன்னை வரிசையிலிருந்து பிடித்து இழுத்து மனுஷியாக்கிய ஒருத்தர் இப்படிச் சத்தமில்லாமல் போய்விடப்போகிறார், கல்லூரிக்கு அது தெரியக்கூட இல்லை. கணவரிடம் சொன்னாள். யாராவது பெரியவரிடம் போய்ச் சொல்லேன் என்றார் அவர். பேராசிரியரின் சொந்த விஷயத்தில் நோயாளி போய் மூக்கை நுழைப்பதா, அதுவும் ஒட்டுக்கேட்டதை வைத்துக்கொண்டா என்று இவள் மென்று விழுங்கினாள். மேடமாகக் கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தாள். தன் களைப்பைப் பற்றி அடுத்தவரிடம் கேட்க மேடத்துக்கு என்ன பைத்தியமா?

இந்தச் சமயத்தில்தான் கல்லூரி முதல்வர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பினார். ஊழியர்கள் மனநலத்தோடு இருந்தால்தான் நோயாளிகள் உடல்நலத்தோடு இருப்பார்கள் என்று அங்கே யாரோ பேசியிருக்கிறார்கள். நல்ல பேச்சுதான், யாரும் குறை சொல்ல முடியாது. உடனே ஊழியர் நலத் திட்டம் பிறந்தது. ஒவ்வொரு துறைத் தலைவரும், களைத்துப்போன ஓர் ஊழியரிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை பார்த்துத் தேற வேண்டும். களைத்த ஊழியராக நோயாளி அக்கா நடிப்பாள். ஏற்பாடு யார்? வேறு யார், மேடம்தான். கல்லூரியிலேயே அதிகம் களைத்தவர் தலையில், களைத்தவர்களைக் கவனிக்கிற வேலையைக் கட்டிவிட்டு எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒத்திகை நாள் வந்தது. சின்ன அறை, இரண்டு நாற்காலி, மேஜையில் கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. அக்கா தலையைக் கலைத்துக்கொண்டு, தோளைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். முதலில் வந்த தலைவர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அடுத்தவர் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்து, கைக்குட்டைப் பெட்டியில் பாதியைக் காலி செய்துவிட்டுப் போனார். மூன்றாவதாக வந்தவர் அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர். மாணவர்கள் அவரைக் கத்தி என்பார்கள். கையில் இருப்பதைவிட நாக்கில் இருப்பதற்காகத்தான் அந்தப் பெயர். களைப்பாக இருக்கிறது என்று அக்கா சொன்னதும், எனக்கும்தான் கால் வலிக்கிறது, நான் என்ன ஓடியா போய்விட்டேன் என்று கேட்டுவிட்டு எழுந்தார். தேறவில்லை, மதியம் மறுபடி வாருங்கள் என்று மேடம் சொன்னபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் தோற்காத மனிதர்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா தனக்கும் மேடத்துக்கும் டீ வாங்கப் போனாள். அறையைச் சரிபண்ண வந்த மேடம், ஒரு நிமிஷம் என்று அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டார்.

அக்கா இரண்டு கோப்பைகளோடு வாசலுக்குத் திரும்பியபோது உள்ளே பேச்சுக் குரல். கத்தி சார் மேடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். இந்த முறை மேடமே நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. குரலில் தேனைக் குழைத்துக்கொண்டு, நன்றாகத் தூங்குகிறீர்களா என்று கேட்டார். பாதித் தூக்கத்தில் விழித்த மேடம் உண்மையைச் சொன்னார். படுத்தால் நாளைக்கு என்ன மறந்துபோகுமோ என்றுதான் ஓடுகிறது என்றார்.

"யார்கிட்டயாவது உதவி கேட்டீங்களா?"

"கேட்க வரல சார். நான் ஒருநாள் இல்லன்னா எல்லாம் நின்னுபோயிடும்னு பயம். அதனால மொத்தமா போயிடலாம்னு இருக்கேன்."

கத்தி சார் முன்னால் குனிந்தார். என் துறையிலிருந்து இரண்டு பேரை உங்கள் பிரிவுக்கு நிரந்தரமாக அனுப்புகிறேன் என்றார். நீங்கள் இரண்டு வாரம் லீவில் போங்கள், அடுத்த தேர்வை நானே நின்று நடத்துகிறேன் என்றார். ஒத்திகையில் வாரி வழங்குவதற்கு என்ன குறைச்சல்? ஆனால் மேடத்தின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை அக்கா பார்த்தாள். அந்த முகத்தை அப்படி அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கத்தி சார் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, சிரித்தார். "பிரமாதமா நடிச்சீங்க மேடம். நான் பாஸா?"

மேடத்தின் முகம் அப்படியே விழுந்தது. ஒரு கணம்தான். அடுத்த கணம் அவரும் சிரித்து, பாஸ்தான் சார், ரொம்ப நன்றி என்று சொல்லிவிட்டார்.

அக்காவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. இருந்தும் வெளியே வந்த கத்தி சாரை வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள், இரண்டு கையிலும் டீயோடு.

"சார், அவங்களுக்கு நடிக்கத் தெரியாது. இந்த அறையில நடிக்கிறது நான் ஒருத்திதான்."

கத்தி சார் அவளைப் பார்த்தார், திரும்பி மேடத்தைப் பார்த்தார். மேடம் கைக்குட்டைப் பெட்டியை வெறித்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றை எடுத்தால் விஷயம் வெளிப்பட்டுவிடும் என்பதால் எடுக்காமல் இருந்தார். சார் மெதுவாக உள்ளே போய், விட்ட இடத்திலேயே உட்கார்ந்தார்.

"அப்ப நான் சொன்னதையெல்லாம் நெசமாவே செஞ்சாகணும்" என்றார். கொஞ்சம் பயந்த மாதிரிதான் இருந்தது.

அதெல்லாம் வேண்டாம் சார், ஒத்திகைக்குச் சொன்னதுதானே என்று மேடம் ஆரம்பித்தார். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார். அக்கா ஒரு டீயை அவர் கையில் வைத்தாள். இன்னொன்றைத் தனக்கென்று வாங்கியிருந்தாலும், கத்தி சாருக்குத்தான் அது இப்போது அதிகம் தேவைப்படும் என்று தோன்றியதால் அவரிடம் கொடுத்தாள். இப்போதாவது என்னை ஃபெயில் ஆக்கிவிடாதீர்கள் மேடம், லீவுக்கு எழுதிக்கொடுங்கள் என்று அவர் கெஞ்ச, மேடம் அழுகையோடு சிரித்தார்.

சொன்னபடி செய்தார் மனிதர், அதில் குறை சொல்ல ஏதுமில்லை. செய்த லட்சணத்தில்தான் குறை. தேர்வன்று நெஞ்சு வலிக்கு நடிப்பவரைப் பிரசவ அறைக்கும், பிரசவ வலிக்கு நடிப்பவரை நெஞ்சு வலி அறைக்கும் அனுப்பினார். நோயாளியாக நடிக்கிற ஒருத்தர் வராமல் போக, வேறு வழியில்லாமல் அவரே படுக்கையில் படுத்தார். கத்தி சாரின் வயிற்றைத் தொட எந்த மாணவனுக்குத் துணிச்சல் வரும்? எல்லாரும் தூரத்தில் நின்றே சுகம் விசாரித்துவிட்டு ஓடினார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் துணிந்து அமுக்கி, வலிக்கிறதா சார் என்று கேட்டாள். அவர் தலையைத் தூக்கி, பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவிடம், இதற்கு வலிக்க வேண்டுமா கூடாதா என்று கிசுகிசுத்தார். குடல்வால் வலியில் இருந்த அக்கா சிரித்துத் தொலைத்ததில் அவளுடைய மாணவனுக்கு என்ன நோயென்றே புரியாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டிலிருந்து மேடம் போன் செய்தார். எல்லாம் கச்சிதமாக, கடிகாரம்போல நடந்தது, நீங்கள் தூங்குங்கள் என்று அக்கா ஒரு போடு போட்டாள். இத்தனை வருட அனுபவம் வேறு எதற்கு?

மேடம் திரும்பி வந்தபோது கன்னத்தில் சதை பிடித்திருந்தது. நேராக அக்காவிடம் வந்து, இந்தத் தடவை உண்மையைச் சொல்லுங்கள் என்றார்.

"நான் இல்லாம நடந்துச்சா அக்கா?"

"கோணல்மாணலா நடந்துச்சு மேடம். ரெண்டு பேர் தப்பான அறைக்குப் போனாங்க, கத்தி சாருக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. ஆனா நடந்துச்சு."

மேடம் உடனே, கத்தி சாரின் துறையிலிருந்து புதிதாக வந்திருந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு, மதிப்பெண் கூட்டுகிற வேலையை அவர்களிடம் தள்ளிவிட்டார். தங்கைக்குப் போன் போட்டு, இப்போதைக்கு விடுவதாக இல்லை என்று சொன்னதும் அக்காவின் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டதற்காக இந்த முறை அவள் வருத்தப்படவில்லை.

ஐந்து மணிக்கு மற்ற எல்லாரோடும் சேர்ந்து மேடமும் கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அக்கா கூடவே நடந்தாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசலில் இருந்த காவலாளி மேடத்தைக் கண்டதும் பதறி எழுந்து, உடம்பு சரியில்லையா மேடம், ஆட்டோ கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

"நல்லாத்தான்பா இருக்கேன். அதான் கிளம்பிட்டேன்" என்றார் மேடம்.