நான்கு குழல்களும் ஒரு பூசணிக்காயும்

போன ஞாயிற்றுக்கிழமை, பெருந்துறைப் பக்கம் என் மாமனாரின் தோட்டத்தில், ஒரு பூசணிக்காயைச் சுடப் போனேன். சிரிக்காதீர்கள். மூன்று வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்த பூசணிக்காய் அது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மைத்துனன் செந்தில் ஒரு மாத லீவில் வந்திருக்கிறான். வரும்போது ஒரு துப்பாக்கி கொண்டுவந்தான். "துப்பாக்கின்னு சொல்லாதீங்க மச்சான், மார்க்கர்" என்று திருத்தினான். குண்டுக்குப் பதில் பெயின்ட் அடைத்த, கோலிக்குண்டு அளவு உருண்டைகள். கேஸ் அழுத்தத்தில் பறந்துபோய், பட்ட இடத்தில் உடைந்து கலர் தெளிக்கும். அங்கே ஆபீஸ்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் இதை வைத்துச் சுட்டு விளையாடுகிறார்களாம்.

"ஏங் கண்ணு, அந்தச் சட்டையெல்லாம் ஆரு தொவைக்கிறது?" என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்வி!

முதல் நாள் கிணற்று மேட்டில் பூசணிக்காயை வைத்தார்கள். ஜமக்காளம் விரித்துக் குடும்பமே வேடிக்கை பார்க்க உட்கார்ந்தது. செந்தில் பத்துக்கு எட்டு அடித்தான். நான் பத்துக்கு... பூஜ்யம். கட்டுத்தறியில் நின்ற எருமையின் முதுகு மட்டும் மஞ்சளானது.

மாமனார் என் தோளைத் தட்டினார். "உங்க மேல தப்பில்லைங்க மாப்ளை. துப்பாக்கி சரியில்லைங்க."

அதே துப்பாக்கியால்தானே செந்தில் எட்டு அடித்தான்? ஆனால் ஆறுதல் சொல்ல வருகிறவரை யாராவது குறுக்கு விசாரணை செய்வார்களா?

விஷயம் இதுதான். அந்த வீட்டில் நான் 'பேனா பிடிக்கிற மாப்பிள்ளை'. மண்வெட்டி பிடிக்கத் தெரியாது, டிராக்டர் ஓட்டத் தெரியாது. பட்டியலில் இதுவும் சேர வேண்டுமா? செந்தில் திரும்பிப் போவதற்குள் ஒரு முறை — ஒரே ஒரு முறை — என் மனைவி சுமதி பார்க்க அந்தக் காயை அடித்துவிட வேண்டும். மார்க்கரைக் கேட்டு வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் எந்தப் பிரச்சினைக்கும் ஒரு லேத் பட்டறை உண்டு. கணபதி பகுதியில் பம்ப்செட் பாகங்கள் கடையும் ரங்கசாமி என் பத்து வருட நண்பர். மார்க்கரின் குழலைக் கழற்றி, ஓர் உருண்டையை உள்ளே போட்டார். கடகடவென்று மறுமுனையில் வந்து விழுந்தது.

"லூஸுங்க" என்றார். "பிஸ்டன் லூஸா இருந்தா பம்பு தண்ணி எடுக்குமுங்களா? கேஸெல்லாம் சைடுல ஓடிப்போகுது. உருண்டை உள்ள நிக்கோணும், வாயில ஊதுனா வெளிய வரோணும். அதானுங்க சரியான ஃபிட்."

நான்கே நாளில் அலுமினியத்தில் புதுக் குழல் தயார். உள்ளே எமரி பேப்பர் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார். மார்க்கரை மேஜையோடு பொருத்திய இரும்புப் பிடியில், அதாவது வைஸில், அசையாமல் இறுக்கி, ஐந்து முறை சுட்டார். ஐந்தும் சுவரில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குள் அடங்கின! பிறகு நான் கையில் வாங்கிச் சுட்டேன். பட்டறையின் கூரையில் பட்டது.

ரங்கசாமி என் முகத்தையே பார்த்தார். தொண்டையைச் செருமினார். "இன்னொரு குழல் கடைஞ்சு பாத்துரலாமுங்க..."

அப்புறம் மூன்றாவது. அப்புறம் நான்காவது. வைஸில் இருந்தால் தட்டுக்குள். என் கையில் இருந்தால் திசைக்கு ஒன்று.

போன ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. புதன்கிழமை செந்திலுக்கு விமானம். மிச்சம் இருந்தது ஆறே உருண்டை. தன் நான்காவது குழலைப் பார்க்க ரங்கசாமியும் கூடவே வந்தார். கண்ணாடிக் கவசத்தை மாட்டிக்கொண்டு ஐந்து முறை சுட்டேன். ஐந்தும் வீண். ஒன்று கிணற்றுக்குள்ளேயே போய்விட்டது.

"சூப்பருங்க மச்சான், கிட்ட வந்துட்டீங்க!" என்றான் செந்தில்.

சுமதி எழுந்து வந்தாள். என் காதருகே மெதுவாகச் சொன்னாள். "ஏனுங்க... தப்பா நெனைக்காதீங்க. சுடறப்ப ரெண்டு கண்ணையும் மூடிக்கறீங்க."

"எப்ப இருந்து?"

"மொத நாள்லிருந்தேதானுங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"அப்பாதானுங்க வேண்டாம்னாரு. மாப்ளை மனசு நோகுமுன்னு..."

திரும்பிப் பார்த்தேன். மாமனார் மும்முரமாக வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினார். செந்தில் ஷூ லேஸ் கட்டினான். ரங்கசாமி தலையைச் சொறிந்தார்.

"உங்களுக்குமா தெரியும்?" என்றேன் ரங்கசாமியிடம்.

"மொதக் குழல்லயே தெரிஞ்சுபோச்சுங்க. சொல்றதுக்குச் சங்கடமா இருந்துச்சு. அதானுங்க ரெண்டாவது கடைஞ்சுபோட்டேன்."

யோசித்துப் பாருங்கள். 'கண்ணைத் திறங்கள்' என்று ஒரு மனிதனிடம் சொல்வதைவிட, இன்னும் மூன்று குழல் கடைவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது! எங்கள் கொங்கு மரியாதை அப்படி. எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. கூடவே — ஒப்புக்கொள்கிறேன் — எல்லார் மேலும் கொஞ்சம் பாசமும் வந்தது.

கடைசி உருண்டை. மூச்சைப் பிடித்தேன். இரண்டு கண்களையும் அகலத் திறந்து, பூசணிக்காயை முறைத்துக்கொண்டே விசையை அழுத்தினேன். நான் சுட்ட உருண்டை போவதை முதன்முறையாக என் கண்ணால் பார்த்தேன். காய்க்கு ஒரு முழம் வலப்பக்கமாகப் போனது.

மாமனார் துள்ளி எழுந்தார். "காத்துங்க மாப்ளை! காத்து தள்ளிப்போட்டுருச்சுங்க!"

சுற்றிலும் இருந்த தென்னை மரங்களைப் பார்த்தேன். ஓர் ஓலைகூட அசையவில்லை.