துரை உட்காரச் சொன்னார்

ஆங்கிலத்தில் நான் முதலில் கற்ற வினைச்சொல் 'சிட்'. எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் 'சிட் டவுன்' என்றதும் அறுபது பிள்ளைகளும் தொப்பென்று உட்காருவோம். பிறகு றொசல்லையில் ரயிலேறி ஹட்டனுக்குப் போய் எஸ்.எஸ்.சி. வரை படித்தேன். அந்த வினையை மூன்று காலத்திலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். அதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற தலைக்கனத்தோடுதான் பதினெட்டு வயதில் தோட்ட ஆபீசுக்குள் நுழைந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஓர் உதவி ஆசிரியை தேவைப்பட்டது. அந்த வேலை கிடைக்காவிட்டால் மறுநாளே கூடையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு கொழுந்தெடுக்க மலையேற வேண்டியதுதான். அம்மாவுக்கோ நான் கூடையைத் தொடவே கூடாது.

தோட்டத்தை நடத்தும் துரை புதிதாக வந்த இளவயது வெள்ளைக்காரர். அவர் மேசைக்கு முன்னால் ஒரு கதிரை காலியாகக் கிடந்தது. பக்கத்தில் பெரிய கிளாக்கர் பைலோடு நின்றார். துரையின் நாய் வாலாட்டிக்கொண்டு நின்றது. துரை நிமிர்ந்து, "சிட் டவுன்" என்றார்.

நான் நாயைப் பார்த்தேன். துரைமார் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதெல்லாம், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், நாயிடம் சொல்லும்போதுதான். துரை முன்னால் எங்கள் ஆட்கள் யாரும் உட்கார்ந்ததில்லை. கங்காணிகூடத் தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பார். நாயும் நல்ல நாய், சொன்னதும் உட்கார்ந்துவிட்டது. காரியம் முடிந்தது என்று நான் கைகட்டி நின்றேன்.

துரை மறுபடியும் சொன்னார், இன்னும் மெதுவாக. கிளாக்கருக்கு வியர்த்தது. இவளுக்கு இங்கிலீஷே தெரியாது என்று துரை நினைத்திருக்க வேண்டும். மூன்றாம் முறை அவரே எழுந்து வந்து, கதிரையை இழுத்துப் போட்டுக் கையால் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடம்பெல்லாம் கூச, நுனியில் உட்கார்ந்தேன். இருபது வருஷமாக அந்த அறையில் நின்றே பேசிய கிளாக்கர் சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார். அவரை நினைத்து வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகு துரை கேட்டதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த அம்மா, ஆபீசுக்குக் கீழே ரோட்டில் காத்திருந்தாள்.

"தொர என்னா சொன்னாரு?"

"உக்காரச் சொன்னாரும்மா."

"நீ என்னா செஞ்ச?"

"உக்காந்தேன்."

"கதிரையிலயா?"

"கதிரையிலதான்."

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் லயத்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எதிர்ப்பட்ட ஒருவர் பாக்கியில்லாமல் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்க, வீட்டுக்கு வந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.