மடிப்பில்லாத பாவாடை

செங்கல்பட்டில் எங்கள் தெருவில் சைதூனின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தையக்கார நெட்டம்மா என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். வெளியே போகும்போது புடவைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டிகூட அவளுக்கு எட்டாது. கீழே ஒட்டுப் போட்டு நீட்டியிருந்தாள். பத்து வயதிலேயே தன் அம்மாவைத் தாண்டி வளர்ந்தவள். அதைச் சொல்லி அவளே சிரிப்பாள்.

கணவர் நூர்முகமது மகாபலிபுரம் கடற்கரையில் பாசிமணி விற்றார். தெருப் பெண்பிள்ளைகளின் பாவாடையெல்லாம் சைதூன் தைப்பதுதான். வளரும் பிள்ளை என்றால் ஓரத்தை உள்பக்கமாக மடித்துத் தைப்பாள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிவிடலாம். மடிப்பில் அவளுக்குப் பெரிய மனசு. "என் பொண்ணு என்ன தென்னை மரமா?" என்று நானே சண்டை போட்டிருக்கிறேன்.

எழுபத்தாறில், ரவிக்கை தைக்க வந்த நர்ஸ் மார்கரெட் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். சின்ன வயதில் மளமளவென்று வளர்ந்த பெண்களுக்குப் பின்னாளில் மார்பில் புற்றுநோய் வருவது கொஞ்சம் அதிகமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொள்கிறார்களாம். அதைக் கேட்ட சில வாரங்களில், குளிக்கும்போது சைதூனின் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தன் கதை முடிந்தது என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள்.

எனக்கு இது எதுவும் தெரியாது. ரம்ஜான் அன்று அவள் மகள் சம்சாத் எங்கள் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுவந்தாள். பதினொரு வயது, அம்மாவைப் போலவே நெடுநெடுவென்று வளர்கிறவள், அன்று முதுகைக் கூனிக்கொண்டு வந்தாள். புதுப் பாவாடையில் மடிப்பே இல்லை.

"ஏன்டி கூனுறே?" என்றேன்.

"நெட்டையாத் தெரிஞ்சா அம்மா அழுவுது டீச்சர். பாலு, முட்டை எல்லாம் நிறுத்திட்டாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய் சைதூனைப் பிடித்தேன். அப்போதுதான் கட்டியைப் பற்றிச் சொல்லி, உடைந்து அழுதாள்.

"மடிப்பு வச்சா வளந்துகினே போவா டீச்சர். நான் வளந்து பட்டது போதாதா? எனக்கு வந்தது அவளுக்கும் வரணுமா?"

"உனக்கு என்ன வந்திருக்குன்னு யாருடி சொன்னா?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, எனக்கும் பயம்தான். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நூர்முகமது கடை போடவில்லை. தையல் மெஷின் சத்தம் கேட்காமல் தெருவே என்னவோ போல் இருந்தது.

முடிவைச் சொன்னவர் டாக்டர் வசுமதி. "புற்றுநோய் இல்லம்மா. சாதாரணக் கட்டிதான். எடுத்தாச்சு, தைரியமா வீட்டுக்குப் போங்க."

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சைதூனோ எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, என் பொண்ணும் நெட்டையா வளந்துகினு கீறா. பாலு குடுக்கலாமா?"

விஷயத்தைக் கேட்டுவிட்டு டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "உயரமானவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இந்த நோய் வர்றதே இல்ல. குட்டையானவங்களுக்கும் வருது. புள்ளையப் பட்டினி போட்டா ரத்தசோகைதான் வரும். நல்லா சாப்பிடட்டும். பெரியவளானப்புறம் கட்டி எதாவது தெரிஞ்சா, உங்கள மாதிரி ஒளிச்சு வைக்காம உடனே காட்டணும். அதைச் சொல்லிக்குடுங்க."

திரும்பும் வழியில் பச்சை சீட்டித் துணியும் முட்டையும் வாங்கினாள். அன்று சாயங்காலம் மெஷின் சத்தம் கேட்டு, நிம்மதியாக எட்டிப் பார்த்தேன். சம்சாத் வழக்கம்போல் கூனிக்கொண்டு நிற்க, சைதூன் கையில் அளவு நாடா.

"நிமிந்து நில்லுடி. எவ்ளோ மடிப்பு வெக்கறதுன்னு பாக்கணும்."

அந்தப் பெண் நம்பாமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக முதுகை நிமிர்த்தினாள். அம்மாவின் காது வரைக்கும் வந்தாள்.