பூட்டின யன்னலும் வேகம் கூட்டின பெட்டியும்

கனகசபாபதி என்பது பாலேஸ்வரியின் ஐயாவின் பேர். அதை ஒரு பச்சைக் குழந்தையின் பேராக அவள் முதன்முதலில் கேட்டது எண்பத்தைந்தாம் ஆண்டில், தொலைபேசியில். தம்பி நாகேந்திரம் இணுவிலில் தபால் கந்தோரில் காத்துக் கிடந்து கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த அவளுக்கு எடுத்திருந்தான்.

"அக்கா, இரண்டாவதும் பெடியன். ஐயாவின்ர பேரை வைச்சிட்டன்."

"விசரே உனக்கு? அந்தப் பேரைச் சொல்லி நான் எப்பிடிப் பிள்ளையை ஏசுறது?"

"ஏசாமல் இருங்கோவன்."

தகப்பன் பேரை வாயால் சொல்லிப் பழகியவளல்ல அவள். அதனால் பிள்ளையைச் 'சபா' என்றாள், கோபம் வந்தால் 'தம்பி' என்றாள். முழுப் பேர் அவள் வாயில் வரவேயில்லை.

இருபது வயது கடந்து சபா அவளிடம் வந்து சேர்ந்தான். மூத்தவன் கதிர்காமநாதன் முன்னமே ஜேர்மனிக்குப் போய்விட்டான். இவனையும் அவன் எடுப்பிப்பான், அதுவரை மாமியோடு கொழும்பில் நிற்கட்டும் என்பது ஏற்பாடு. வந்த கையோடு சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துப் பாதையைப் பூட்டினார்கள். விசா அலுவலும் இழுபட்டது. முன்னுக்கும் போகேலாது, திரும்பவும் போகேலாது.

ஒருநாள் பாண் வாங்கப் போனவனை ஒழுங்கை முடக்கில் ஆமிக்காரர் மறித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் எடுக்க வேண்டிய பொலிஸ் பதிவு இருந்தும் மறுநாள் பின்னேரம்தான் விட்டார்கள். அன்றைக்குப் பாலேஸ்வரி முன் அறை யன்னலைச் சாத்திக் கொக்கி போட்டு, தடித்த திரையும் இழுத்துவிட்டாள். யன்னலுக்கு நேரே கீழேதான் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றி. உள்ளே ஒரு இளந்தாரி இருப்பது அவர்கள் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்பது அவளுடைய கணக்கு. அதன்பிறகு பாண் வாங்க அவளே போனாள்.

அந்த அறையில் ஒரு கொம்பியூட்டர் இருந்தது. ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய ஒரே மகள் ஜெகதீஸ்வரி வாங்கித் தந்தது. மகள் வயிற்றோடு இருந்தாள். சனிக்கிழமைகளில் பெட்டிக்கு முன்னால் இருந்து அவளுடைய வயிறு எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் பாலேஸ்வரிக்குக் கோயில், குளம் எல்லாம். கடற்காற்று இரும்பைத் தின்னும் என்று பெட்டிக்குத் தடித்த சீலையில் உறை தைத்து, விளிம்பில் பூவும் போட்டிருந்தாள். வேலை முடிந்ததும் மூடிவிடுவாள்.

ஞாயிறு பின்னேரம் பெட்டி சபாவுக்கு. அந்த நேரம் ஜேர்மனியில் காலை. அண்ணனும் அவனுடைய கூட்டாளிமாரும் இவனும் அவரவர் வீட்டில் இருந்தபடி ஒரே விளையாட்டில் சேர்வார்கள். ஊர் கட்டுவார்கள், படை திரட்டுவார்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு "அண்ணை, ஆத்தங்கரைப் பக்கம் நான் பாக்கிறன்" என்று இவன் சொல்வது குசினிக்குக் கேட்கும். கிழமையில் அவன் சிரிக்கிற சத்தம் கேட்பது அந்த நேரம் மட்டும்தான்.

படை பெருகப் பெருக இந்தப் பெட்டி திணறியது. அந்த விளையாட்டில் ஒருவருடைய பெட்டி பிந்தினால் எல்லாரும் அதற்காகக் காத்து நிற்க வேண்டும். ஒரு ஞாயிறு சபா முகம் கறுத்து எழும்பி வந்தான்.

"அண்ணையின்ர கூட்டாளிமார் என்னை விடச் சொல்லுறாங்கள் மாமி. என்ர பெட்டியால எல்லாருக்கும் இழுக்குதாம்."

அடுத்த ஞாயிறு கொம்பனித்தெரு நிலாம் வந்தான். கொம்பியூட்டர் கடையில் வேலை செய்பவன், சபாவின் ஒரே கூட்டாளி. பெட்டியின் மூளையாக ஒரு சில்லு இருக்கிறது, அதைச் செய்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேலும் அதை ஓட வைக்கலாம் என்றான்.

"செய்தவன் அறியாமலே வைச்சவன்?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

"அவன் பயந்து குறைச்சு வெச்சீக்கிறான் அன்ரி. ஆனா கூட்டினா சூடு வரும். காத்து வேணும். அந்த யன்னலத் தொறந்துட்டா நல்லம்."

"யன்னல் திறக்கேலாது."

"அப்ப கொஞ்சமாக் கூட்டுவம். எரிஞ்சா என்னைத் திட்டப்படாது."

"எரிஞ்சால் ஜெகதீஸ் எனக்கு எங்கையிருந்து முகம் காட்டுவள்? உன்ர உம்மா வீட்டையோ வாறது?"

"வாங்களேன், வட்டிலாப்பமும் தருவா."

அவள் சிரிக்கவில்லை. சபாவைப் பார்த்தாள். அவன் கேட்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. திரையின் ஓரத்து நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். நாளெல்லாம் அவன் செய்கிற வேலை அது. இதையும் மறித்தால் தனக்கும் சென்றியில் நிற்பவனுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தோன்றியது.

"என்னவாவது செய்யுங்கோ" என்றுவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

நிலாம் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போனான். சபா விளையாட உட்கார்ந்தான். பெட்டி திணறவில்லை. "இப்ப எப்பிடி அண்ணை?" என்று அவன் கேட்டதும், பதிலுக்கு என்ன வந்ததோ, விழுந்து விழுந்து சிரித்ததும் அவளுக்குக் கேட்டது.

அந்தச் சிரிப்பு அடங்க முதலே கதவில் தட்டினார்கள். செக்கிங், வீடு வீடாக ஆமிக்காரரின் சோதனை. ஜேர்மனிக்காரரோடு கதைக்கிற பெட்டியைக் கண்டால் ஆயிரம் கேள்வி வரும். பாலேஸ்வரி சபாவை இழுத்து எழுப்பினாள். வெளிச்சம் தெரியாமல் படம் தெரிகிற கண்ணாடியை மட்டும் அணைத்தாள். பழக்கத்தில் உறையையும் எடுத்துப் பெட்டி முழுக்க மூடி, அடியையும் இழுத்து இறுக்கினாள். பெட்டியை நிற்பாட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சபா வாய் திறக்க முதல் கதவைத் திறந்துவிட்டாள்.

இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். மூத்தவன் சபாவின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, இவன் யாரென்று சிங்களத்தில் அவளிடம் கேட்டான்.

"மே கவுத அம்மே?"

"மகே மல்லிகே புத்தா."

"நம மொகத?"

தம்பியின் மகன் என்று சொன்னவளிடம் இப்போது அவனுடைய பேரைக் கேட்டார்கள். ஐயாவின் பேரை அந்த வீட்டில் முதன்முதலாகச் சத்தமாகச் சொன்னாள்.

"கனகசபாபதி."

அவன் அட்டையைப் பார்த்தான், பிறகு சபாவைப் பார்த்தான். அந்த நேரம் உறைக்குள்ளே இருந்து ஒரு இரைச்சல் எழும்பியது. பெட்டியின் காற்றாடி மூச்சுக்கு அடிபட்டது. சபாவின் கை ஒருமுறை அந்தப் பக்கம் துடித்து நின்றது. அசையக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். உள்ளே வெந்துகொண்டிருப்பதும் தெரியும். கழுத்தால் வியர்வை ஓட, நேரே பார்த்தபடி நின்றான்.

"மொகத ஏ சத்தே?" என்ன சத்தமென்று கேட்டபடி இளையவன் அந்தப் பக்கம் ஓரடி வைத்தான்.

சட்டென்று சத்தம் நின்றது. அவன் துவக்கு முனையால் உறையைத் தூக்கினான். கறுத்த கண்ணாடி. விட்டுவிட்டான். அட்டையைக் கொடுத்துவிட்டு இருவரும் போனார்கள்.

சபா உறையை உரித்தபோது பெட்டி அடுப்புக் கல்லாய்ச் சுட்டது. பொத்தானை அமத்திப் பார்த்தான், உயிர் இல்லை. பாலேஸ்வரி நிலத்தில் இருந்துவிட்டாள்.

"என்ர பிள்ளையின்ர முகத்தை நானே மூடிக் கொன்றுபோட்டன்."

"நீங்கள் என்னைத்தானே காப்பாத்தப் பாத்தனீங்கள் மாமி" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் நிலாம் வந்து திறந்து, துடைத்து, வேகத்தைப் பழைய அளவுக்கு இறக்கினான். பெட்டி எழும்பியது.

"தலை தப்பிச்சு அன்ரி. சூடு மிஞ்சினா தன்ட பாட்டுக்கு நிண்டுரும். உறை போடாம, யன்னலயும் தொறந்து வெச்சா கூட்டின வேகத்திலயே ஓட்டலாம். என்ன செய்ய?"

பாலேஸ்வரி கொக்கியில் கை வைத்தாள். திரை இடுக்கால் சென்றிக்காரனின் தொப்பி தெரிந்தது. கையை எடுத்தாள்.

"வேண்டாம் தம்பி."

"ஓம் மாமி" என்றான் சபா. அன்றே அண்ணனுக்கு எடுத்து, இனி விளையாட்டுக்குத் தான் வரவில்லை என்று சொல்லி, வேறு ஆளைப் போடச் சொன்னான். கதிர்காமநாதன் சரியென்றானாம். அடுத்த ஞாயிறு பின்னேரம் சபா திரையின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பேரப்பிள்ளை பிறந்து, பாலேஸ்வரி அதன் முகத்தைப் பெட்டியில் பார்த்தபோது, அவனைப் பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னாள். அவன் குசினி வாசலில் நின்று பார்த்தான்.

சபாவின் ஜேர்மனி விசா கடைசிவரை வரவில்லை. சண்டை முடிந்து அடுத்த வருடம் ஜெகதீஸ்வரி தாயைக் கூப்பிட்டுக்கொண்டாள். பாலேஸ்வரி இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். சபா வெள்ளவத்தையில், அதே வீட்டில், அதே முன் அறையில் இருக்கிறான்.